இரண்டு விரல் கண்

“உங்க வீட்டுக் குதிரை எங்க வீட்டுப் பனியைத் தின்னுடுச்சு ஜெசிந்தாக்கா. ஜன்னலைத் திறந்தா மேகம் உள்ள வரும்னு சொல்லித்தான் ஆளைக் கூட்டிட்டு வர்றேன், இப்ப ஜன்னலைத் திறந்தா உங்க கக்கூஸ் கதவு தெரியுது.”

இதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள் கனகவேணி, ஏதோ நான் காது கேட்காதவள் போல, இன்னொரு முறை சொன்னால் என் கக்கூஸ் கதவு வெட்கப்பட்டு இடம் மாறிக்கொள்ளும் என்பது போல. அவள் நடத்துகிற விடுதிக்கு ‘மூடுபனி இல்லம்’ என்று பெயர். வாசலில் பலகை உண்டு, பலகையில் பனியும் வரைந்திருக்கிறது, பெயின்ட் டப்பா கவிழ்ந்தது மாதிரி.

“பனி உன்னுதுன்னு பட்டா வச்சிருக்கியா?”

“எங்க காம்பவுண்டுக்குள்ள வந்தா எங்களுதுதான்.”

“என் வீட்டுப் பூனையும் தினம் உன் காம்பவுண்டுக்குள்ளதான் வருது. இன்னையிலேர்ந்து மீன் வாங்கிப் போடு.”

“பேச்சுல உங்களை ஜெயிக்க முடியுமா? கான்வென்ட்டு.” இந்தச் சொல்லை அவள் ஒரு வியாதியின் பெயர் போல உச்சரிப்பாள். “உங்களையே கயித்துல கட்டி அந்தப் பக்கம் போட்டா குதிரை எங்கயும் வராது. நல்ல வெயிட்டு.”

அவள் துடைப்பக்குச்சி. என் உடம்பைப் பற்றி அவள் இப்படிச் சொல்வது புதிதில்லை. அன்றைக்கு அதை மறந்தும் போனேன். பின்னால் நினைத்துக்கொள்ள வேண்டிவந்தது.

அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எரிச்சல். எங்கள் குதிரை பனியைத் தின்றது. ஏரிக்கரையில் சவாரி விடுகிற ஒருவர், இந்தப் பெண் குதிரை இனி உதவாது, பிள்ளைகளை முதுகில் ஏற்றினால் நின்ற இடத்திலேயே நின்று, இதுகளைப் பெற்றது யார் என்று திரும்பிப் பார்க்கிறது என்று சலித்துக்கொண்டு, கீழே சமவெளியில் கல்யாண ஊர்வலக்காரர்களிடம் தள்ளிவிடப் போனபோது, ரேஷன் கடைக்குச் சர்க்கரை வாங்கப் போன என் வீட்டுக்காரர் செலஸ்டின், சர்க்கரைக்குப் பதிலாக அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அது என்னை ஏற இறங்கப் பார்த்தது. மூக்கு நுனி வழியாகப் பார்க்கிற அந்தப் பார்வையில் வளர்ந்தவள் நான். எங்கள் மதர் சுப்பீரியர் அப்படித்தான், நம் சாக்ஸில் தொடங்கி ஆன்மாவில் முடிப்பார். “மதர்” என்றேன். ஒரு காதை என் பக்கம் திருப்பியது. அதோடு பெயர் வைப்பு முடிந்தது. பங்குச் சாமியாருக்கு மட்டும் அதில் வருத்தம். அவரே ஒரு நாள் வந்து “ரோஸி, ரோஸி” என்று கூப்பிட்டுப் பார்த்தார். அது அவருக்கு முதுகைக் காட்டியது. முதுகு என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

சித்திரையில் கோடை மழை கொட்டி, மலைப்பாதையில் மண் சரிந்து, வத்தலக்குண்டிலிருந்து வைக்கோல் ஏற்றிவருகிற லாரி வராமல் போன நாட்களில், ஒரு காலை மதர் தலையை வேலிக்கு மேல் நீட்டியது. கொடியில் கிடக்கிற வேட்டியை மாடு இழுக்குமே, அப்படி, பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த பனியின் விளிம்பைப் பல்லால் பிடித்து இழுத்து, மெல்லாமல் விழுங்கியது. விளிம்பு போனதும் நடுப்பகுதி வந்தது, நடுப்பகுதியைத் தொடர்ந்து அடுத்த தெருவில் படுத்திருந்ததும் வந்தது, மதியத்துக்குள் எங்கள் பக்கம் துடைத்த தட்டு போல ஆகிவிட்டது. நான் அடுக்களையில் உளுந்து களைந்துகொண்டிருந்தேன். வெளிச்சம் சட்டென்று விழுந்ததில் உளுந்துக்குள் கிடந்த கல் தெரிந்தது. எடுத்துப் போட்டேன். குதிரை பனி தின்பதால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அந்தக் கல். அநேகமாக அதுவே கடைசியும்.

சாயங்காலம் செலஸ்டின் வந்து, “ஜெசி, மதரோட முன்னங்கால் தரையில படலை” என்றார். பால் பொங்கிவிட்டது என்பதையும் அவர் இதே குரலில்தான் சொல்வார். போய்ப் பார்த்தேன். குளம்புக்கும் தரைக்கும் நடுவில் என் செருப்பு தாராளமாக நுழைந்தது.

கால்நடை டாக்டர் ஹபீபா வந்தாள். சின்னப் பெண், மாற்றலாகி எங்கள் மலைக்கு வந்தவள், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். அதனாலேயே ஊரில் அவளை யாருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். மதரின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். இலவம்பஞ்சுத் தலையணையைத் தட்டுகிற சத்தம் வந்தது.

“மென்னு தின்னா பனி தண்ணியாகி மூத்திரத்துல போயிடும் ஆன்ட்டி. விழுங்கினா பனியாவே வயித்துல நிக்கும். நிக்கிற பனி மேலதான் போகப் பார்க்கும்.”

“மேலன்னா?”

“மேலதான். இன்னைக்கு ரெண்டு கால். ஒரே மூச்சுல நிறைய விழுங்கிச்சுன்னா முழுசா.”

“போனா திரும்பி வருமா?”

“பனி மேல போய்ப் பனியாவே திரும்பி வந்து பார்த்திருக்கீங்களா? மழையாத்தான் வரும்.”

அன்றைக்கு மதரின் இரண்டு பக்கமும் அரிசி மூட்டையைக் கட்டித் தரையில் இறக்கினோம். போகும்போது ஹபீபா சொல்லிவிட்டுப் போனாள்: “மெதுவாத் தின்ன வைக்கிற வைக்கோல் வலை இருக்கு, அதுல பனியை அடைச்சுக் கட்டுங்க. நல்லதா பார்த்து வாங்குங்க. கண் சின்னதா.”

எங்கள் ஊர்க்காரர்கள் ஆச்சரியப்படுவதில்லை. ஆச்சரியப்படுவதற்குக் கீழேயிருந்து பஸ் பஸ்ஸாக ஆள் வருகிறது. நாங்கள் டீ விற்கிறோம். ஆகவே குதிரை பனி தின்கிறது என்ற செய்தி பரவியபோது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, யார் வீட்டுப் பனி என்றுதான் கேட்டார்கள். விடுதிக்காரர்கள் எல்லாம் கனகவேணி பக்கம் சேர்ந்து, குதிரையைக் கீழே அனுப்பு என்றார்கள். பெண்கள் எல்லாம், விடுதி வைத்திராத பெண்களைச் சொல்கிறேன், அடுப்புக்கு மேல் கொடி கட்டிப் பள்ளிக்கூட யூனிஃபார்மை உலர்த்தி உலர்த்தி, பிள்ளைகளைக் கருவாட்டு வாசனையோடு பள்ளிக்கு அனுப்புகிற பெண்கள், என்றைக்கும் என் வாசல் மிதிக்காதவர்கள், ஒருத்தி பின் ஒருத்தியாக வந்தார்கள். “அக்கா, மதரை எங்க மாடிப் பக்கம் கொஞ்ச நேரம் கட்டுங்களேன், ரெண்டே ரெண்டு போர்வை” என்று பின் தெரு முபீனா வந்தாள். “வத்தல் போட்டிருக்கேன்” என்று இன்னொருத்தி. என் குதிரை உயிரோடிருக்குமா என்று கேட்டவள் ஒருத்தி இல்லை. அதன் வயிறு அவர்களுக்கு வெயில்.

வார்டு கவுன்சிலர் தண்டபாணி நடுவில் புகுந்தார். எந்தப் பிரச்சினையும் அதைச் சுற்றி நாற்காலி போட்டால் அடங்கிவிடும் என்று நம்புகிற மனிதர். வலையைத் தானே வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கீழே போனார். பாதி வழியில் போன் செய்து, “என்ன பார்த்து வாங்கணும் மேடம்?” என்று கேட்டார். “கண் சின்னதா இருக்கணும், அவ்வளவுதான்” என்றேன். தமிழில்தான் சொன்னேன். மறுநாள் அவர் கொண்டுவந்தது, பந்தயக் குதிரைக்கு இரண்டு பக்கமும் பார்வையை மறைத்துக் கட்டுகிற தோல் பட்டை.

“கண்ணைச் சின்னதாக்கற ஐட்டம் இதுதான் மேடம். விசாரிச்சு வாங்கினேன்.”

“வலையோட கண்ணைச் சொன்னேன் தம்பி.”

“வலைக்கு ஏது மேடம் கண்ணு?”

“உங்களுக்கு இருக்கிற மாதிரிதான். ஓட்டை.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை, புரிந்தால்தானே. வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று, நான் குளிக்கப் போன நேரத்தில் செலஸ்டினை மிரட்டி மதருக்கு அதைக் கட்டியும் விட்டார். பக்கத்தில் வருவது எதுவும் தெரியாமல் மிரண்டுபோன மதர், வாயில் பட்ட பனியை எல்லாம் அள்ளி அள்ளி விழுங்க, அன்றைக்குப் பின்னங்காலும் தரையை விட்டது. இன்னும் இரண்டு மூட்டை. கண் சம்பந்தப்பட்ட விஷயம் என்று தெருவில் பேச்சு பரவியதில், யாரோ ஒரு புண்ணியவதி எங்கள் கேட்டில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டிவிட்டுப் போயிருந்தாள். நல்ல காயாக இருந்தது. கூட்டு வைத்தேன்.

பிறகு ஊரே வலை கொண்டுவந்தது. தர்மம் செய்கிறவர்கள் தங்களுக்கு உதவாததைத்தான் கொண்டுவருவார்கள். ஏரியில் மீன் பிடிக்கிறவர் பழைய வலை ஒன்றைத் தந்தார், அதன் ஒவ்வொரு கண்ணும் உள்ளங்கை அகலம், மதர் மூக்கை முழுசாக உள்ளே விட்டு ஒரே இழுப்பில் காலி செய்தது. கிளப்பிலிருந்து பேட்மின்டன் வலை வந்தது, முடிச்சு முடிச்சாக, முரட்டு நூல், மதரின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. கனகவேணி பெருந்தன்மையாக ஒரு கொசுவலை அனுப்பினாள். அதில் அடைத்த பனி அந்தப் பொடிக் கண்ணில் பட்டுப் பட்டுத் தண்ணீராகிச் சொட்டிப் போனது; மதர் ஒன்றும் கிடைக்காமல் பசியில் சுவரை உதைத்தது. “பார்த்தீங்களா, சுத்தமாத் தின்னலை, இதையே வச்சுக்கலாம்” என்றாள் கனகவேணி. பட்டினி போடுவதும் மெதுவாகத் தின்ன வைப்பதும் ஒன்று என்று நினைக்கிற புத்தி. அவள் விடுதியில் காலைச் சாப்பாடு எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. வெங்காய மூட்டை வலை ஒன்றும் வந்தது. சாயம் போய் மதரின் வாயெல்லாம் சிவந்து, வெற்றிலை போட்ட சம்பந்தியம்மா மாதிரி நின்றது.

கடைசியில் நானே பஸ் ஏறினேன். குதிரைச் சாமான் விற்கிற கடை ஒன்று, எங்கள் ஊரிலிருந்து அரை நாள் தூரத்தில், பந்தய மைதானம் இருக்கிற ஊரில் இருக்கிறது. கடைக்காரர் முதலில் காட்டியது பளபளவென்று நீல வலை. நான் அதைக் கையில் வாங்கி, தையல் வகுப்பில் சிஸ்டர் கொலெத் செய்வது போல, இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் ஒரு இழையை வைத்து இழுத்தேன். “முடிச்சை நம்பாதே, இழு” என்பார் சிஸ்டர். என் கைவேலை முழுவதும் அந்த அம்மாள் இழுப்பில் பிரிந்து போனதுதான். நீல வலை பிரிந்து போனது. அடுத்ததை முகர்ந்தேன், மண்ணெண்ணெய் நாற்றம், வேண்டாம். அடுத்ததில் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தேன், சாயம் ஒட்டியது, வேண்டாம். அடுத்ததன் வாய்க்கயிற்றில் இரும்பு வளையம், குளம்பு மாட்டினால் கால் ஒடியும், வேண்டாம். அடுத்ததில் எல்லாம் சரி, முடிச்சு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. கன்னத்தில் வைத்து உரசிப் பார்த்தேன், குத்தியது.

“குதிரை சாப்பிடத்தானேம்மா,” என்றார் கடைக்காரர், “நீங்க சாப்பிடவா?”

“நான் சாப்பிடன்னா இவ்வளவு பார்க்கமாட்டேன். எனக்கு எது போட்டாலும் இறங்கும்.”

மகனுக்குப் பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி இருக்கிறதே என்று பக்கத்தில் ஒரு ஆள் முணுமுணுத்தான். மாமியார்கள் இவ்வளவு பார்த்திருந்தால் பாதிக் கல்யாணம் நடந்திருக்காது என்று அவனுக்குச் சொன்னேன். மாடிப் பரணிலிருந்து கடைசியாக ஒன்று இறங்கிவந்தது. பழுப்பு வெள்ளை நிறம், சாயமே போடாதது, முடிச்சே இல்லாமல் இழைக்குள் இழை போட்டுப் பின்னியது, இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி சேர்ந்துகொண்டது. ஒரு கண்ணுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் போனது, மூன்றாவது போகவில்லை. “இதுதான்” என்றேன். கடைக்காரர் பெருமூச்சு விட்டார். என்னை அனுப்பிவைக்கிற எல்லோரும் விடுகிற பெருமூச்சுதான்.

ஹபீபா சொன்னபடி அதை மதரின் நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டோம், கால் மாட்டாத உயரம், கழுத்து வலிக்காத உயரம். கட்டியது மெல்லிய சணல் கயிற்றால், எதிலாவது சிக்கிக்கொண்டால் மதர் அறாமல் கயிறு அறுந்து போகட்டும் என்று. விடியற்காலையில் வேலியருகே நின்று, தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி, பனியைக் கை கையாக அள்ளித் திணித்து வாயை இறுக்கினேன். பிறகு திணிக்கவும் தேவையிருக்கவில்லை. வலை காலியாகக் காலியாக, பள்ளத்தில் தண்ணீர் இறங்குவது போலத் தெருப் பனி தானே வந்து அதற்குள் புகுந்துகொண்டது. மதர் வலையை மூக்கால் தள்ளிப் பார்த்தது, என்னைப் பார்த்தது, உதட்டைக் குவித்து ஒரு கண்ணிலிருந்து நூல் நூலாகப் பனியை உருவி, மென்றது. மென்றது என்றால் அப்படி ஒரு மெல்லல், வாய்க்குள் ஈர மணலை அரைக்கிற சத்தம், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் காபி குடித்தேன். பனி பள்ளத்தாக்கில் கிடந்தது, தெருவில் கிடந்தது, மூடுபனி இல்லத்தின் ஜன்னலுக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது, காலைப் பலகாரம் முடிகிற நேரத்துக்கு மெல்ல விலகியது. அதற்கு மேல் வெயில். மதர் பக்கெட் பக்கெட்டாக மூத்திரம் பெய்தது. மூட்டைகளை அவிழ்த்தோம். நான்கு காலும் தரையில்.

பழக்கம் என்று வந்துவிட்டால் மதர் மாற்றிக்கொள்ளாது. வலைக்கு வெளியே எவ்வளவு பனி கிடந்தாலும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இதோடு ஊர் வாயை மூடியிருக்கலாம். ஆனால் தண்டபாணி சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டார்.

கனகவேணி எழுந்து, கண் ஒரு விரல் போதும், பனி மத்தியானம் வரை நிற்கட்டும் என்றாள். முபீனா எழுந்து, நாலு விரல் வேண்டும், விடியும்போதே போய்விடட்டும் என்றாள். ஒரு விரல், நாலு விரல், ஒரு விரல், நாலு விரல் என்று கூடமே கையைத் தூக்கிக்கொண்டு கத்தியது. வெளியிலிருந்து பார்த்தால் வகுப்பில் பாத்ரூம் போக அனுமதி கேட்கிற பிள்ளைகள் மாதிரி இருந்திருக்கும். ஹபீபா ஒரே ஒரு முறைதான் எழுந்தாள்.

“ரெண்டு விரல். கண் பெருசானா விழுங்கும். விழுங்கினா மேல போயிடும். திரும்பி வராது.”

உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் கேட்டார்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், கடைசி வரிசையில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர்கள் உட்பட எல்லோரும் கேட்டார்கள். இரண்டு விரல் என்று முடிவாயிற்று. தண்டபாணி அதைத் தன் முடிவு என்று சொல்லிக்கொண்டார், சொல்லிக்கொள்ளட்டும். காலையில் கூவுகிற சேவலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

அதன்பிறகுதான் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தி முறுக்கு கொண்டுவந்தாள். ஒருத்திக்குக் கறிவேப்பிலை வேண்டியிருந்தது, அவள் வீட்டு வாசலிலேயே கறிவேப்பிலை மரம் இருந்தும். “மதரை ஒரு தடவை தொட்டுட்டுப் போறேன் அக்கா” என்று பக்தியோடு ஒருத்தி. கனகவேணியே வந்து என்னிடம் வடை சுடுவதற்குப் பக்குவம் கேட்டாள். நான் அடுக்களைக்குள் போய்ச் சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தால் ஆள் வலையருகே நின்றாள். ஒவ்வொருத்தியும் போன பிறகு வலையில் ஒரு இழை வெட்டுப்பட்டிருந்தது. ஒரே ஒரு இழை. இரண்டு கண்ணுக்கு நடுவிலிருக்கிற ஒரு இழை போனால் இரண்டும் சேர்ந்து ஒரு கண், கொஞ்சம் பெரிய கண், கொஞ்சம் சீக்கிரம் வெயில், ஒரு பாவாடை கூடுதலாகக் காயும். அவ்வளவுதான் ஆசை. ஒரு கண்ணால் என்ன ஆகிவிடும் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டாள், தான் ஒருத்திதான் ஊரிலேயே கெட்டிக்காரி என்றும் நினைத்துக்கொண்டாள். நான் சிஸ்டர் கொலெத்திடம் படித்தவள், வெட்டு வாயைப் பார்த்தே ஆளைச் சொல்வேன். நகவெட்டியால் நறுக்கியது, தையல் கத்திரியால் சீராக வெட்டியது, அடுக்களைக் கத்தியால் அறுத்தது, ஒன்று பல்லால் கடித்தது. மூடுபனி இல்லத்தில் ஒரு நாளைக்கு எத்தனை படுக்கை விரிப்பு துவைக்கிறார்கள் என்று யோசித்தால், ஜன்னலில் பனியும் மாடியில் வெயிலும் ஒரே நேரத்தில் கேட்கிற மனசு எப்படிப்பட்டது என்று விளங்கும். தையல் கத்திரி அவளுடையது.

தினமும் சாயங்காலம் அத்தனை இழையையும் நான் முடிந்தேன், முடிச்சு உதட்டில் குத்தாதபடி உள் பக்கமாக மடித்து மடித்து. “கேட்டுடலாமே ஜெசி” என்றார் செலஸ்டின். கேட்டேன். கேட்காமலா? கறிவேப்பிலைக்காரி தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். முபீனா அழுதாள். கனகவேணி, “கான்வென்ட்ல சந்தேகப்படத்தான் சொல்லிக்கொடுப்பாங்களா?” என்றாள். ஆமாம், அதுதான் சொல்லிக்கொடுத்தார்கள். வேறெதுவும் இவ்வளவு உபயோகப்படவில்லை. செலஸ்டின் அதற்கப்புறம் வலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார். அவர் படித்தால் தூங்குவார்.

மலர்க் கண்காட்சி தொடங்குகிற ஞாயிறு வந்தது. பல ஊர்களிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு திரைச்சீலை, சோபா உறை, ரஜாய்ப் போர்வை, போன வருஷத்து அழுக்கெல்லாம் முந்தின நாளே துவைத்துப் பிழிந்து வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் அன்றைக்கே வெயில் வேண்டும். நான் காலைப் பூசைக்குப் போனேன்.

பூசை முடிந்து கோயில் படியில் கால் வைத்தபோது ஊர் தெரிந்தது. நான் பிறந்ததிலிருந்து அப்படித் தெரிந்ததில்லை. ஏரியின் அந்தக் கரை தெரிந்தது, அதற்கப்பால் மலை, மலைக்கப்பால் சமவெளி, சமவெளியில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பஸ்ஸின் நிறம்கூடத் தெரிந்தது; ஒவ்வொரு மாடியிலும் கொடி, ஒவ்வொரு கொடியிலும் வண்ண வண்ணமாகத் துணி, மலர்க் கண்காட்சியே ஊருக்குள் ஏறி வந்துவிட்டதுபோல. எங்கேயும் ஒரு துளி பனி இல்லை. என் உடம்பை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்று ஹபீபாவே சொல்லியிருக்கிறாள். ஓடினேன்.

முற்றத்தில் செலஸ்டின் கழுத்துக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால் நுனியில் நின்றுகொண்டிருந்தார். கயிறு மேலே போனது. எங்கள் பேரிக்காய் மரத்தின் உச்சிக்கும் மேலே, வயிறு வெள்ளையாக உருண்டு, நான்கு காலும் ஒன்றும் செய்யத் தோன்றாமல் தொங்க, மதர் நின்றது. மிதந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. அது நின்றுகொண்டுதான் இருந்தது, மூக்கு நுனி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டு. சணல் கயிற்றில் வலை தொங்கியது. அதை இனி வலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓரத்தில் ஒரு விளிம்பு, நடுவில் ஒரே ஒரு பெரிய கண், அந்தக் கண்ணின் வழியாக மூடுபனி இல்லத்தின் மாடி முழுசாகத் தெரிந்தது.

“பேப்பர்தான் படிச்சிட்டிருந்தேன்” என்றார் செலஸ்டின்.

திட்டுவதற்கு நேரமில்லை. கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன். ஹபீபாவைக் கூட்டி வரவும் மூட்டை தூக்க ஆள் பிடிக்கவும் அவர் ஓடினார். “விட்டுடாத ஜெசி” என்று கேட்டருகே நின்று சொல்லிவிட்டு ஓடினார், இத்தனை வருஷத்தில் நான் எதையாவது விட்டிருப்பது போல. கயிற்றைப் பேரி மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினேன். அடியில் வேர் ஒவ்வொன்றாக மண்ணை விட்டு எழும்புகிற சத்தம் கேட்டது, சோறு கொதிக்கிற மாதிரி. அவிழ்த்து என் இடுப்பில் சுற்றிக்கொண்டேன். கனகவேணி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: நல்ல வெயிட்டு. நல்ல வெயிட்டுதான். போதவில்லை. என் ஒரு குதிகால் எழும்பியது, பிறகு மற்றது, இடது செருப்பு நழுவித் தரையில் கிடந்தது.

“கனகா” என்று கூப்பிட்டேன்.

அவள் மாடியில் படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். மறைந்துகொள்ளப் பனி இல்லாததால், கையிலிருந்த விரிப்பைத் தனக்கும் எனக்கும் நடுவில் கொடியில் விரித்துப் போட்டாள். அது நன்றாகக் காய்ந்திருந்தது, காற்றில் மொடமொடவென்று சத்தம் போட்டது. முபீனாவின் வீட்டு ஜன்னலில் திரைச்சீலை நகர்ந்தது. புதிதாகத் துவைத்தது, பளிச்சென்று இருந்தது. கறிவேப்பிலைக்காரி பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். இவ்வளவு தெளிவாக ஊர் இருந்த ஒரு நாளில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வலது செருப்பும் விழுந்தது. மேலே மதர் ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது.

“யார் எத்தனை கண் வெட்டினீங்கன்னு நான் கேட்கலை,” என்று கத்தினேன், மாடிகளைப் பார்த்து, கொடிகளைப் பார்த்து. “யார் வீட்டுக் கத்திரின்னும் கேட்கலை. சத்தியமா இனிமேலும் கேட்கமாட்டேன். ஒருத்தி வந்து இந்தக் கயித்து நுனியைக் கொஞ்ச நேரம் பிடிங்களேன். ஒருத்தி போதும்.”